சிவப்பு திரும்பிய நாள்

கிடாப்பொட்டலில், செத்தவருக்காக உள்ளபடியே அழுகிறவர்களின் கண்ணிலிருந்து சிவப்பு போய்விடும் என்பது, அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். மற்ற நிறமெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்; வேப்பிலை பச்சையாக இருக்கும், மஞ்சள் மஞ்சளாக இருக்கும், வானம் தன்பாட்டுக்கு நீலமாகக் கிடக்கும்; சிவப்பு மட்டும் அடுப்புச் சாம்பலாக மாறிவிடும். குங்குமம் சாம்பல், செம்பருத்தி சாம்பல், சேவல் கொண்டை சாம்பல், அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டால் வருகிற ரத்தமும் சாம்பல். இருபது நாளில் சிலருக்கு, நாற்பது நாளில் சிலருக்கு, ரொம்பவும் பாசம் வைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்து, துக்கம் ஆற ஆறச் சிவப்பு திரும்பி வரும். எதனால் இப்படி என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டே அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

வேறு ஊரென்றால் இது பெரிய விஷயமில்லை. நெல் விளைகிற ஊரிலோ கருப்பட்டி காய்ச்சுகிற ஊரிலோ சிவப்பு இல்லாமலே ஒரு மனுஷி வருஷக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். கிடாப்பொட்டலோ மிளகாய் வத்தல் ஊர். மாசியில் தொடங்கி வைகாசி முடிகிறவரை கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் களத்தில் குண்டு வத்தல் காய்ந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு, நல்ல சிவப்பு வத்தலை வலது பக்கமும், வெளுத்துப்போன சண்டு வத்தலை இடது பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். கண் பார்த்த மாத்திரத்தில் கை தள்ளியிருக்க வேண்டும். தொட்டுப் பார்த்து யோசிக்கிறவள் அந்த வேலைக்கு ஆகமாட்டாள்.

முதன்முதலில் சிவப்பு போனது வெள்ளைத்தாய் என்பவளுக்கு. பனையிலிருந்து விழுந்து மகன் செத்த ஐந்தாம் நாள், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று களத்துக்கு வந்தவள், சண்டு வத்தலையும் சிவப்பு வத்தலையும் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டு எல்லாம் சாம்பலாகத் தெரியுதே என்று கையை விரித்தாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னவர்கள் வீட்டிலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது, அவர்களும் கையை விரித்தார்கள். கண் முகாம் போட வந்த டாக்டர் அட்டை அட்டையாகக் காட்டி, விளக்கு அடித்து, எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்து வேன் ஏறினார். அதற்குப் பிறகு ஊரே இதைச் சமாளித்துக்கொண்டது. சாவு விழுந்த வீட்டுப் பெண்களை வத்தல் பிரிக்க விடாமல் சாக்குத் தைக்க அனுப்பினார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், ஆத்தாளோ அப்பனோ செத்திருந்தால், டவுன் சிக்னலில் நிறத்தைப் பார்க்காமல் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். செங்கொடிக் கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டால், சாம்பல் கொடி ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று துக்க வீட்டுக்காரர் யாராவது கேட்பதும், அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பதும் வழக்கமாகிப்போனது.

ஆரம்பத்தில் அதில் இரக்கம் இருந்தது. சிவப்பு போனவளைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆனால் மனுஷன் கையில் எது கிடைத்தாலும் அதை அளவுகோலாக்கி அடுத்தவன் முதுகில் வைத்துப் பார்க்காமல் இருக்கமாட்டான் இல்லையா? இன்னார் மருமகளுக்குச் சிவப்பு மூன்றே நாளில் திரும்பிவிட்டதாம், இன்னார் மகளுக்குப் போகவே இல்லையாம் என்று குழாயடியில் பேச்சு கிளம்பி, பேச்சு சண்டையாகி, கடைசியில் ஊர்த் தலைவர் சாத்தையா அம்பலம் ஒரு முறை வகுத்தார். பதினாறாம் நாள் கருமாதியில், சாமி கும்பிட்டு முடிந்ததும், செத்தவரின் உறவுக்காரர் முன்னால் கலந்த வத்தல் ஒரு சுளகு வைக்கப்படும். பிரிக்க முடியாமல் கலந்து வைத்தால் துக்கம் உண்மை. ஒழுங்காகப் பிரித்தால் பொய். இதற்குச் சுளகு வைத்தல் என்று பேராகிவிட்டது.

அம்பலத்தின் அப்பா செத்தபோது அம்பலமே சுளகின் முன் உட்கார்ந்து, ஒரு வத்தல் மாறாமல் அழகாகப் பிரித்து வைத்தார். ஊர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்புறம், ஆம்பளைக் கண் வெயிலைப் பார்த்துப் பழகியது, அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது என்று முடிவாகி, அன்றிலிருந்து சுளகு பெண்களுக்கு மட்டும் என்றானது.

இன்னொன்றும் முடிவானது. சிவப்பு சாவுக்கு மட்டும்தான் போகும். வயல் கருகினால் போகாது, மாடு தொலைந்தால் போகாது, புருஷன் துபாய்க்குப் போனால் போகாது. ஒருமுறை, குவைத்தில் மகன் வேலை பார்த்த ஒரு தாய்க்கு வெறும் நாளில் சிவப்பு போனது. உசுரோடு இருக்கிற பிள்ளைக்கு இவள் நாடகமாடுகிறாள் என்று நாலு நாள் ஏசினார்கள். அவளுக்குச் சிவப்பு போன அன்றைக்கே அவன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்திருந்தான் என்று ஐந்தாம் நாள் செய்தி வந்தது. ஏசினவர்கள் அவள் காலில் விழவில்லை. ஆனால் அந்த விதியை அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்பட்டதில்லை.

முத்திருளாயிக்குச் சுளகு வைத்தபோது அவளுக்கு முப்பது வயசு. அவள் புருஷன் கருமலை மூட்டை தூக்குகிறவன். அடிப்பான். குடித்தால் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டால் இன்னும் நன்றாக அடிப்பான். ஒருமுறை இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போய், அப்படியும் களத்துக்குப் போகாமல் முடியாது என்ற நிலையில், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுளகின் முன் உட்கார்ந்தவளுக்கு, அந்த ஊரில் வேறு எவளுக்கும் தெரியாத ஒரு வித்தை அன்றைக்குக் கைவந்தது. வத்தலை எடுக்கும்போதே பெருவிரலை அதன் மேல் ஒரு உருட்டு உருட்டினால் போதும். நல்ல வத்தலின் தோல் வழவழவென்று தடித்திருக்கும், சண்டின் தோல் பழைய காகிதம் மாதிரி மொடமொடக்கும். கண்ணே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்கூடக் கண்டுபிடிக்கவில்லை, அத்தனை சின்ன உருட்டு அது.

அந்த வித்தையை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் கற்றுக்கொடுத்தாள். அவள் மகள் பூமயிலுக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் களத்து ஓரம் கருவை மர நிழலில் பிள்ளையை உட்கார வைத்து, முந்தானையால் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு வத்தலாகக் கையில் கொடுத்து, "சொல்லு தாயி, இது ராசாவா, சண்டா?" என்பாள். பிள்ளை பெருவிரலை உருட்டி, "ராசா" என்று கத்தும். தப்பாகச் சொன்னால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதற்காக அம்மா இதைக் கற்றுக்கொண்டாள் என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்த வீட்டில் சிரித்து விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான்.

பூமயிலுக்கு ஒன்பது வயசானபோது, மூட்டை ஏற்றிய டிராக்டரின் உச்சியில் உட்கார்ந்து வந்த கருமலை ஊருணிக்கரை வளைவில் உருண்டு விழுந்து கழுத்து ஒடிந்து செத்தான். வாசலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். முத்திருளாயி பார்த்தாள். அவன் சட்டையில் ஊறியிருந்த ரத்தம் அத்தனை சிவப்பாக இருந்தது. கல்யாணத்தன்று கட்டின கூறைப்புடவையில்கூட அப்படியொரு சிவப்பை அவள் பார்த்ததில்லை. மறுநாள் இன்னும் சிவந்தது. எதிர்வீட்டு ஓடு, கோழிக்கொண்டை, களத்து வத்தல், எல்லாம் யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நிம்மதி. அவன் வருகிற செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டாம் என்ற நிம்மதி. நெஞ்சைக் குத்திக் குத்திப் பார்த்தாள், அழுகை வந்தபாடில்லை.

பயம்தான் வந்தது. சிவப்பு போகாத பெண்டாட்டியை, சிவப்பு நின்னவள் என்று பேர் வைத்து, கட்டின சீலையோடு அன்றைக்கே ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் செத்தவன் வீட்டுக்கு. அதற்கு முன் அப்படி இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒருத்தி திருப்பூருக்குப் போனாள், இன்னொருத்தி கிணற்றுக்குப் போனாள். கருமலையின் அக்கா சீனியம்மாவுக்கோ பதினோரு வயசில் ஒரு மகன் இருந்தான். பூமயில் அவனுக்கு முறைப்பெண். கருமாதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே சீனியம்மா பிள்ளைக்குப் பாவாடை சட்டை தைக்க அளவு எடுத்துக்கொண்டு போனாள்.

பதினாறாம் நாள் சுளகு வைத்தார்கள். முத்திருளாயி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண்ட மேனிக்குக் கலந்து வைத்திருந்தால் போதும். ஆனால் இருபது வருஷமாகப் பிரித்த கை அது. அதற்குக் கலக்கத் தெரியாது. இரண்டு வத்தலைக் கலந்து வைத்தால் மூன்றாவது வத்தலைத் தானாக அதன் இடத்துக்குத் தள்ளியது. வேர்த்துக் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள். வேறு வழி தெரியாமல், சிவப்பைப் பார்த்தால் இடது, சண்டு வத்தலைப் பார்த்தால் வலது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தலைகீழாக வைத்தாள். வைத்து முடித்து, தப்பாக வைத்துவிட்டோம், பிழைத்தோம் என்று மூச்சு விட்டாள்.

சீனியம்மா குனிந்து பார்த்தாள். அந்த ஊரிலேயே வேகமாக வத்தல் பிரிக்கிறவள் அவள்.

"அய்யா, இங்கிட்டு வந்து பாருங்க. செவப்பு தெரியாதவ கலந்துல்ல வச்சிருப்பா? எங்க ஆத்தா செத்தப்ப நான் வச்சேன், பாதிக்குப் பாதி கலந்து கெடந்துச்சு. இவ ஒண்ணுகூடத் தப்பாமத் தப்பா வச்சிருக்கா."

அம்பலம் வந்து பார்த்தார். வலது பக்கம் அத்தனையும் சண்டு. இடது பக்கம் அத்தனையும் சிவப்பு.

"தெரிஞ்சவளாலதான் இம்புட்டுச் சரியா மாத்தி வைக்க முடியும்த்தா," என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

முத்திருளாயி எழுந்தாள். "அய்யா, பதினோரு வருசமா அடிதான் வாங்குனேன். அழுகை எங்கிட்டிருந்து வரும்?"

"அடிக்காத ஆம்பளை எவன் இருக்கான்? அவனவன் பொண்டாட்டி அழத்தான செஞ்சாளுக."

கூட்டத்திலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பலபேருக்கு அது உண்மை. புருஷன் கை வைத்தவன்தான், அவன் செத்தபோது சிவப்பும் போகத்தான் செய்தது. தங்களுக்குப் போனது இவளுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்ற ஆத்திரம் அவர்களுக்கு. சீனியம்மா பூமயிலின் கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை, "அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டு மறுகையால் தூணைப் பிடித்தது. தூணிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அப்போதுதான், முத்திருளாயியின் கண்ணெதிரே, சீனியம்மாவின் நெற்றிப் பொட்டு சாம்பலானது. சுளகில் இருந்த வத்தல் சாம்பலானது. பிள்ளையின் தலையில் கட்டியிருந்த ரிப்பன் சாம்பலானது.

"போச்சு!" என்று அவள் கத்தினாள், ஏதோ வரம் கிடைத்தவள் மாதிரி. "மதினி, போயிருச்சு மதினி! உங்க பொட்டு எனக்குச் சாம்பலாத் தெரியுது. சுளகைக் குடுங்க, திரும்ப வைக்கிறேன்!"

கொடுத்தார்கள். அந்த ஊரில் நியாயத்துக்குக் குறை வைக்கமாட்டார்கள். இந்தமுறை அவள் வைத்ததில் சிவப்பும் சண்டும் கூடிக் கலந்து கிடந்தன. அம்பலம் இரண்டு குவியலையும் கிளறிப் பார்த்துவிட்டு, நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"வாஸ்தவம்தான், போயிருச்சு. ஆனா யாருக்காகப் போச்சு? கருமலைக்காகப் போகலை. இந்தப் பிள்ளைக்காகப் போயிருக்கு. பிள்ளை இந்தா உசுரோட நிக்கிது. செத்தவுகளுக்குத்தான் செவப்பு போகும். அப்ப உனக்கு இது செத்துப்போச்சுன்னு உன் கண்ணே சாட்சி சொல்லுது. செத்த பிள்ளையை உன்கூட எப்படித்தா அனுப்புறது?"

அவருக்கே தன் பேச்சு பிடித்துப்போயிற்று. கையை உயர்த்தி முடித்தார். "உனக்குச் செவப்பு திரும்பட்டும். திரும்புன அன்னைக்குப் பிள்ளை உனக்கு உசுரோட வந்ததா அர்த்தம். அன்னைக்கு வா, கூட்டிக்கிட்டுப் போ. இது என் வாக்கு."

ரொம்பச் சரியான தீர்ப்பு என்று ஊர் சொல்லியது. துக்கம் ஆறினால்தான் பிள்ளை; பிள்ளை வந்தால்தான் துக்கம் ஆறும். அந்தப் பெண் அன்று பொழுது சாய்வதற்குள் கட்டின சீலையோடு கிழக்கே நடந்து, கடலோரத்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உப்பளத்தில் எல்லாம் வெள்ளை. சிவப்பு தெரியாதவள் என்று அங்கே யாருக்கும் தெரியவேண்டிய அவசியமே வரவில்லை.

வருஷம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, சிவப்பு வரவில்லை. காலையில் எழுந்ததும் கொடியில் கிடக்கிற சிவப்புச் சீலையைப் பார்ப்பாள், சாம்பல். ஆறு மனமே, ஆறித் தொலை என்று தன்னையே திட்டுவாள். திட்டத் திட்டப் பிள்ளை முகம்தான் முன்னால் வரும். மூன்றாம் வருஷம் பொறுக்க முடியாமல், பொய் சொல்லியாவது பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவது என்று கிடாப்பொட்டலுக்குப் போனாள்.

சுளகு வைத்தார்கள். அவளுக்கு இருக்கவே இருந்தது பெருவிரல். உருட்டி உருட்டி, ஒரு வத்தல் மாறாமல் பிரித்து வைத்தாள். கதவோரம் நின்ற பூமயிலுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பெருவிரல் உருளுவது தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு இன்னும் சிவப்பு திரும்பவில்லை, தனக்காக இன்னும் திரும்பவில்லை என்று அதற்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியை முத்திருளாயி பார்த்தாள். பிள்ளை யாருக்கும் தெரியாமல், பாவாடை மடிப்பில், தன் பெருவிரலை ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல உருட்டிக் காட்டியது.

குவியலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாததால் சீனியம்மா அம்பலத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போய் இரண்டு உள்ளங்கையையும் மூடிக்கொண்டு வந்து, பத்தடி தள்ளி நின்று விரித்தார். ஒன்றில் குங்குமம், ஒன்றில் திருநீறு.

"குங்குமம் எந்தக் கையில இருக்கு?"

இரண்டு கையிலும் சாம்பல்தான் இருந்தது. அவள் வலது என்றாள். இடது.

"உன் பிள்ளை உனக்கு இன்னும் செத்துத்தான் கெடக்குத்தா. போயிட்டு வா," என்றார் அம்பலம்.

அதற்கப்புறம் அவள் போகவில்லை. உப்பை வாரினாள், குவித்தாள், காலில் வெடிப்பு வந்தது, தலை நரைத்தது. கூட வேலை பார்க்கிற ராக்கு என்பவள் வாயாடி. ஒரு நாள் மத்தியானம் கங்காணி மாதிரி நடந்து காட்டி, உப்புப் பாத்தியில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தாள். முத்திருளாயி சிரித்துவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து கஞ்சிச் சட்டியைத் திறந்தபோது, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் ராக்கு வைத்திருந்த ஊறுகாய், நல்ல சிவப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூமயிலின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். வலது பக்கமா, இடது பக்கமா? தெரியவில்லை. எட்டு வருஷமாகியிருந்தது. எப்போது மறந்தது என்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே, இனிப் பிள்ளையைக் கூட்டி வரலாம் என்ற எண்ணம் எழுந்து நின்றது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு, கால் கழுவக்கூட நிற்காமல், உப்புப் பூத்த காலோடு பஸ் ஏறினாள்.

சீனியம்மா வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மறுநாள் பரிசம், சீனியம்மா மகனுக்கும் பூமயிலுக்கும். அம்பலமும் அங்கேதான் இருந்தார், கிழண்டுபோய், கைத்தடியோடு. முத்திருளாயி வாசலில் நின்று, "அய்யா, எனக்குச் செவப்பு திரும்பிருச்சு. உங்க வாக்கைக் காப்பாத்துங்க," என்றாள்.

பூமயில் உள்ளேயிருந்து வந்து தூணோரம் நின்றாள். பதினேழு வயசு. மச்சம் இடது பக்கம் இருந்தது. கை நிறையச் சிவப்பு வளையல் போட்டிருந்தாள்; நடுவில் இரண்டு மட்டும் சாயம்போன சாம்பல் நிறம். கவனமில்லாமல் போட்டிருக்கிறது பிள்ளை என்று முத்திருளாயி நினைத்தாள். வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை. அம்மாவைக் கண்டதும் பூமயிலின் கண் நேரே அவள் கைக்குத்தான் போனது.

சுளகு வந்தது. முத்திருளாயி உட்கார்ந்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு வத்தல் சிவப்பாகத் தெரிந்த சந்தோஷத்தில், கை பறந்தது. பார்த்தாள், தள்ளினாள், பார்த்தாள், தள்ளினாள். பெருவிரல் எதன் மேலும் உருளவில்லை. உருள வேண்டிய தேவை என்ன? ஒரு நிமிஷத்தில் இரண்டு குவியல். அம்பலம் உள்ளங்கைகளை விரித்தார். "இடது" என்றாள் அவர் கேட்டு முடிப்பதற்குள். சரி.

அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பன்னிரண்டு வயசில் மலர்ந்த முகத்தை எதிர்பார்த்துப் பார்த்தாள். பூமயில் அவள் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டதை முத்திருளாயி கண்டாள், என்னவென்று புரியவில்லை.

"வாக்கு வாக்குதான்," என்றார் அம்பலம் வருத்தமாக. "பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்."

சீனியம்மா விடுவாளா? "அது என்ன ஆட்டுக்குட்டியாய்யா? பதினேழு வயசுப் பிள்ளை. அதுக்கு ஆத்தா நெனப்பு இருக்கான்னு கேக்க வேணாமா? அதுக்கும் சுளகு வைங்க. ஆத்தாளுக்காக ஏங்குற பிள்ளைன்னா அதுக்குச் செவப்பு தெரியாது, கூட்டிக்கிட்டுப் போகட்டும். செவப்பு தெரிஞ்சா அது எங்க வீட்டுப் பிள்ளை."

அது நியாயமாகப் பட்டது எல்லாருக்கும். தினமும் களத்தில் வத்தல் பிரிக்கிற பிள்ளைதானே என்று சீனியம்மா தைரியமாக இருந்தாள். வத்தல்களை மறுபடி கலந்து பூமயிலின் முன் வைத்தார்கள். அவள் கலந்து வைத்தால் போதும், அம்மாவோடு போய்விடலாம். முத்திருளாயி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பூமயில் முதல் வத்தலை எடுத்தாள். அவள் பெருவிரல் அதன் மேல் ஒரு உருட்டு உருண்டது.

வலது பக்கம் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள், உருட்டினாள், இடது. மூன்றாவது, உருட்டினாள், வலது. அத்தனை சின்ன உருட்டு; பக்கத்தில் நின்ற சீனியம்மாவுக்குத் தெரியவில்லை, அம்பலத்துக்குத் தெரியவில்லை, உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். தூணிலிருந்து விரல்களைப் பிரித்தெடுத்த அன்றைக்கே பிள்ளைக்கும் சிவப்பு போயிருக்கிறது. எட்டு வருஷமாகத் திரும்பவே இல்லை. உயிரோடு இருக்கிற அம்மாவுக்காகச் சிவப்பு போனது என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ என்று பயந்து, இந்தப் பெருவிரலை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் இந்த வீட்டில் மறைத்து வாழ்ந்திருக்கிறாள். சிவப்பும் சாம்பலும் ஒன்றாகத் தெரிகிற கண் போட்ட வளையல்தான் அந்த இரண்டும் என்று இப்போது முத்திருளாயிக்குப் புரிந்தது.

"தாயி," என்று அவள் வாயைத் திறந்தாள். "தாயி, ஏன்..."

பூமயில் கையை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயசில் அம்மாவை நீ என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க கண்ணாலதான பிரிச்சீக?" என்றாள்.

சீனியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கேள்வியில் எதுவும் விசேஷமாகத் தோன்றவில்லை. முத்திருளாயிக்கு மட்டும் புரிந்தது. மகளின் பெருவிரலைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அப்படிக் கத்தினால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நின்றாள். பூமயில் கடைசி வத்தலை உருட்டி, வலது பக்கம் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்பலம் குனிந்து இரண்டு குவியலையும் கிளறிப் பார்த்தார். "ஒண்ணுகூட மாறலை," என்றார்.

திரும்பிப் போகிற வழியெல்லாம் களம். முத்திருளாயி வத்தலுக்கு நடுவே நடந்தாள். மகள் இரண்டாம் தரம் செத்துவிட்டாள், இப்போது சிவப்பு போய்விடும், இதோ போய்விடும் என்று ஒவ்வொரு எட்டுக்கும் நின்று நின்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஊர் எல்லைவரை வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் சிவப்பாகவே இருந்தது.